களப்பில் எடுக்காத மூன்று வாசிப்புகள்

வங்காலை.
ஒக்ரோபர் 12, ஞாயிறு, பிற்பகல் 3.40.
நீ செயற்றிட்டம் ஒப்படைக்க இன்னும் பன்னிரண்டு நாள். வாசிப்புகள் இருபத்தொன்று.

அன்பு மகள் டெல்சியாவுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம், நீயும் மட்டக்களப்பில் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்க மாதா துணை நிற்கட்டும். உடம்பளவில் என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது, அது கீழே வரும், நீ நடுவில் தாவாமல் வரிசையாக வாசி. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். உன் விடுதிப் போன் படிக்கட்டுக்குக் கீழே இருக்கிறது, பக்கத்தில் சிஸ்ரர் கதிரை போட்டு இருப்பார், உனக்குப் பின்னால் நாலு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள், கிடைப்பது ஐந்து நிமிடம். நான் சொல்லவேண்டியது ஐந்து நிமிடத்தில் அடங்காது, அதோடு அது என் கையெழுத்துடன் தாளில் இருக்க வேண்டும். இன்று காலை நீ போன் எடுத்தபோது சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன், நீ கவனித்திருப்பாய். முதலில் வீட்டுச் செய்தி. யாகப்பர் தாத்தாவுக்கு இடது கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது, கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பூசைக்குப் போய் முன் வாங்கில் இருக்கிறார், பாதர் தன்னைப் பார்த்துத்தான் பிரசங்கம் வைக்கிறார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். கிணற்றுத் தண்ணீரை இந்த வருடம் வாயில் வைக்க முடியவில்லை, குடிக்கக் கடைத் தண்ணீர்தான். மழையை இன்னும் காணவில்லை. காற்றாலையில் எனக்கு இந்த மாதம் பகல் வேலை. செய்தி அவ்வளவுதான், இனி விசயத்துக்கு வருகிறேன்.

நேற்றுக் காலை பத்து மணிக்கு மன்னார் ரவுணில் ஒரு கூட்டம் வைத்தார்கள், திருத்திய உயர்தரப் பௌதிகவியல் பாடத்திட்டத்தில் முதன்முதலாகச் சோதனை எழுதப்போகும் பிள்ளைகளின் தாய் தகப்பனுக்கு. பிள்ளை வெளி மாவட்டத்தில் படித்தாலும் வரலாம் என்று அறிவித்திருந்தார்கள், அம்மா போகச் சொன்னாள், போனேன். நாற்பத்திரண்டு பேர் வந்திருந்தார்கள், எல்லார் முகத்திலும் ஒரே பயம். காரணம் உனக்குத் தெரியும். இவ்வளவு காலமும் எங்கள் பக்கத்தில் எந்தப் பிள்ளையும் பௌதிகவியல் படித்ததில்லை, கடந்தகால வினாத்தாளைத்தான் படித்தது. நானும் அப்படித்தான், இருபது வருட வினாத்தாளைக் கட்டாக வாங்கி மூன்று தரம் செய்து முடித்தேன், கேள்வியைக் கண்டதும் கை தானாக எழுதும், என்ன எழுதுகிறேன் என்று மூளைக்குத் தெரிய வேண்டிய தேவையே இருக்கவில்லை. உங்களுக்கு அந்தக் கட்டு கிடையாது, உங்களுக்கு முன்னால் இந்தச் சோதனையை எழுதியவர் ஒருவரும் இல்லை. ஒரு தாய் எழுந்து, "சேர், பாஸ்ற் பேப்பர் எப்ப வரும்?" என்று கேட்டார். விளக்க வந்திருந்தவர் பரமநாதன் சேர், வவுனியாவில் பௌதிகவியல் படிப்பிப்பவர், "அம்மா, இன்னும் சோதனையே நடக்கேல்லை" என்றார். அந்தத் தாய் விடவில்லை, "அதுக்கு முன்னமே தந்தால்தானே சேர் பிள்ளையள் படிக்குங்கள்" என்றார். மண்டபம் சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை, அந்தத் தாய் கேட்டதைத்தான் நானும் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த எருக்கலம்பிட்டி ஜமால்தீன் நானா, எங்கள் வேலைத்தளத்துக்குச் சாப்பாடு கொடுப்பவர், அவருடைய மகன் பவ்ஸானும் உன் வருடம்தான், என் தொடையில் தட்டி, "என்ன மில்ரன் தம்பி, காத்தாலைக்கு மேல ஏறி நிண்டா பயமில்ல, கதிரையில இருந்தா வேர்க்குதோ" என்றார். வேர்க்கத்தான் செய்தது. அதுவரைக்கும் வேர்த்தது புழுக்கத்தில்.

பிறகு பரமநாதன் சேர் செயற்றிட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். இந்த முறை அதன் புள்ளி சோதனையோடு சேரும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். தெரியாதது இது. ஒப்படைத்த பிறகு இரண்டு பேர் வந்து பிள்ளையை நேரில் இருத்திக் கேள்வி கேட்பார்களாம், வாசிப்பு எடுத்த இடத்திலேயே எழுதிய முதல் கொப்பியைக் காட்டச் சொல்வார்களாம், அழகாகப் பிரதி எடுத்தது செல்லாதாம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வாசிப்பெல்லாம் வடிவா ஒரே மாதிரி இருந்தால் நான் முதல்ல சந்தேகப்படுவன். தண்ணி, காத்து, வெயில் ஒண்டும் பாடப்புத்தகம் வாசிச்சிட்டு வாறேல்லை. பிழைச்ச வாசிப்புக்குப் புள்ளி இருக்கு, ஏன் பிழைச்சதெண்டு பிள்ளை சொன்னால் இன்னும் புள்ளி இருக்கு. மாத்தின வாசிப்புக்குப் புள்ளி இல்லை, செயற்றிட்டமே தள்ளுபடி. தாய் தேப்பன் கையெழுத்து வச்ச தாளும் அதோட இருக்கு, மறந்திடாதேங்கோ." அந்தத் தாளை நான் செப்ரெம்பர் முதலாம் வாரம் கையெழுத்து வைத்து உனக்கு அனுப்பினேன். வீட்டில் எடுத்த வாசிப்புகள் எடுத்தபடியே எழுதப்பட்டுள்ளன என்று அதில் இருக்கிறது, வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்து வைத்தேன். அதற்குப் பிறகு அவர் பேசியது ஒன்றும் ஏறவில்லை, ஜமால்தீன் நானா ரீ கொண்டுவந்து தந்தார், குடித்தேனா தெரியவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தள்ளாடிச் சந்திக்கு வந்தபோதுதான் தலைக்கவசம் கையில் மாட்டியிருப்பதைக் கண்டேன்.

இனி ஓகஸ்டில் நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். நம் ஊர்க் கடலோரக் களப்புத் தண்ணீரின் அடர்த்தியை இருபத்தொரு நாள் அளப்பது உன் செயற்றிட்டம். சின்ன மருந்துப் போத்தலுக்குள் தாத்தாவின் வலை ஈயம் போட்டு, மூடியில் மெல்லிய உறிஞ்சுகுழாயைத் தண்டாக நிறுத்தி, அளவு குறித்து, நீயே ஒரு நீரமானி செய்தாய். பதினோராம் திகதி தொடங்கி இருபத்திரண்டாம் திகதிவரை பன்னிரண்டு நாள், காலை ஆறு மணிக்கு முழங்கால் ஆழத்தில் நின்று நீ எடுத்தாய். மடு பெருவிழாவுக்கு வீடே போக, ஒரு நாள் வாசிப்பு விடுபடும் என்று நீ மட்டும் நின்றுவிட்டாய், அம்மாவிடம் அதற்குப் பேச்சும் வாங்கினாய். பிறகு பள்ளிக்கூடத்தில் அவசரமாகக் கூப்பிட்டார்கள், நீரமானியையும் கொப்பியையும் என்னிடம் தந்து, "என்ன வந்தாலும் வந்தபடி எழுதுங்கோ அப்பா, உங்கட மூளையைப் பாவிக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாய். நான் சிரித்தேன். இருபத்துமூன்றாம் திகதி போய் வைத்தேன், 1037 காட்டியது. அடுத்த நாளும் 1037, பிறகு 1038, 1039. கடல் தண்ணீர் கன மீற்றருக்கு 1025 கிலோ என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, இது எப்படி இவ்வளவு வரும் என்று எனக்குக் கோபம் வந்தது. போத்தலில் தண்ணீர் கசிகிறது என்று நினைத்து மூடிக்கு மெழுகு வைத்தேன், மாறவில்லை. உன் கொப்பியைப் புரட்டினேன், நீயும் 1029 இல் தொடங்கி 1036 வரை ஏறிக்கொண்டே போயிருந்தாய். எங்கள் வேலையில் ஒரு பழக்கம் இருக்கிறது, கோபுரத்தில் ஒரு சென்சர் எல்லைக்கு வெளியே காட்டினால் சென்சர் பழுது என்று எடுப்போம், காட்டவேண்டிய அளவை எழுதிவிட்டு வேலையை நகர்த்துவோம், காற்று உண்மையில் அப்படி அடித்திருக்குமோ என்று யோசித்துக்கொண்டு நிற்க மாட்டோம். உன் கொப்பியிலும் அதைத்தான் செய்தேன். நீரமானிக்குப் பூச்சிய வழு, ஆரம்பத்திலேயே கூட்டிக் காட்டுகிறது என்று தீர்மானித்து, உன் பன்னிரண்டு வாசிப்பையும் என் ஆறையும் வெட்டி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு கழித்தால் சரிவருமோ அவ்வளவைக் கழித்து, எல்லாவற்றையும் 1024, 1025, 1026 ஆக்கினேன்.

நீரமானி ஆரம்பத்திலேயே கூட்டிக் காட்டியிருக்கிறது, நான் திருத்திவிட்டேன் என்று சொன்னதும் நீ போனில் இரண்டு தரம் கேட்டாய். "அப்பா, அதை நல்ல தண்ணியில வச்சுப் பாத்தனீங்களோ?" என்றாய். ஓம், பார்த்தனான் என்று சொன்னேன். பார்க்கவில்லை. கொப்பியை அனுப்பச் சொன்னாய், நனைந்து எழுத்து ஊறிவிட்டது என்று சொல்லித் திருத்திய அட்டவணையை மட்டும் ஒரு தாளில் எழுதி அனுப்பினேன். நனையவில்லை. உன் கொப்பியில் நான் இழுத்த கோடுகளைக் கண்டால் நீ சண்டைக்கு வருவாய் என்று தெரியும், எனக்கு நேரமில்லை, அதனால் சொன்னேன். எங்கள் காலத்தில் செய்முறைக் கொப்பி என்றால் விடையைப் பார்த்துப் பின்னுக்கு எழுதுவதுதான், ஊசல் ஆட்டினால் ஈர்ப்பு ஆர்முடுகல் 9.8 வரவேண்டும், 9.3 வந்த பிள்ளைக்குக் குட்டு விழும், ஒரு தரம் குட்டு வாங்கினேன், பிறகு வாழ்நாளில் எனக்கு 9.8 தவிர வேறொன்றும் வந்ததில்லை. உனக்கும் குட்டு விழக்கூடாது என்று நினைத்தேன். அது பாதி உண்மைதான். மற்றப் பாதி, உனக்கும் எனக்கும் இருபது வயதுதான் வித்தியாசம், சண்டைக் காலத்தில் படிப்பைப் பாதியில் விட்டுக் கல்யாணம் கட்டிவைத்தார்கள், பிறகு தொழில்நுட்பக் கல்லூரியில் தட்டுத்தடுமாறி ஒரு டிப்ளோமா எடுத்தேன், நான் விட்ட இடத்தில் நீ நிற்கிறாய். என் மகள் செய்த போத்தல் சரி, நான் படித்தது பிழை என்று ஏற்க மனம் வரவில்லை. எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

நேற்றுக் கூட்டம் முடிந்து வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தாள், கத்தியை வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள். கடல் தண்ணீர் 1025, இது மட்டும் எப்படி 1040 வரும், அதனால்தான் மாற்றினேன் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். "இஞ்சருங்கோ, ஆவணி மாசத்தில களப்பு உப்பேறும் எண்டு இந்த ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தண்ணி வத்திக்கொண்டு போகுது, உப்பு எங்க போறது? இறால்கூட விட்டிட்டு ஓடுது. பதினெட்டு வருசமா வங்காலையில இருக்கிறியள், இன்னும் உங்கட முருங்கன் வயலுக்குள்ள நிக்கிற மாதிரி நிக்கிறியள்" என்றாள். ஒவ்வொரு நாளும் முழங்கால் ஆழம் தேடிச் சேற்றுக்குள் இருபது அடி கூட நடக்கவேண்டிக் கிடக்கிறது என்று அந்த நாளில் அவளிடமே சலித்துக்கொண்டவன் நான். தண்ணீர் குறைவதைக் காலால் நடந்து அளந்துவிட்டு, கையில் இருந்த போத்தல் பொய் சொல்கிறது என்று எழுதியிருக்கிறேன். "நீங்கள் படிச்ச படிப்புக்கு ஒரு நாள் கருவாடு காயப்போட்டிருந்தால் உப்பெண்டா என்னெண்டு விளங்கியிருக்கும்" என்றும் சொன்னாள். அலுமாரிக்கு மேல் இருந்து நீரமானியை எடுத்து, வாளியில் கடைத் தண்ணீர் ஊற்றி, நீ ஒன்றரை மாதத்துக்கு முன் கேட்டதை நேற்று மத்தியானம் செய்தேன். நீ ஆயிரம் என்று குறித்த கோட்டில் அசையாமல் நின்றது. வழு போத்தலில் இல்லை. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு மீன் வெட்டப் போய்விட்டாள்.

கொப்பி இருக்கிறது, நான் எரிக்கவில்லை கிழிக்கவில்லை. அதோடு வேலைத்தளத்தில் எங்களுக்கு ஒரு விதி, எழுதியதை அழிக்கக்கூடாது, ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் நம் எழுத்தும் திகதியும் போட்டுப் புதிதை எழுத வேண்டும், கை தானாக அப்படித்தான் செய்திருக்கிறது. அதனால் உன் பன்னிரண்டு வாசிப்பும் கோட்டுக்குக் கீழே தெளிவாகத் தெரிகின்றன, என் ஆறும் தெரிகின்றன, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "மி" என்று என் எழுத்து. அதைப் பார்ப்பவனுக்கு இந்தப் பிள்ளையின் வேலையைக் கெடுத்தது யார் என்று கேட்கவேண்டி வராது. ஆனால் பன்னிரண்டும் ஆறும் பதினெட்டுத்தான், நீ கூட்டிப் பார்த்திருப்பாய். இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று ஆகிய மூன்று நாளும் நான் களப்புக்குப் போகவே இல்லை. ஒரு கோபுரம் நின்றுவிட்டது, மூன்று நாளும் விடிய முன்னமே மன்னார் தீவுப் பக்கம் போய்விட்டேன். அம்மாவிடம் சொல்லியிருந்தால் போய் எடுத்திருப்பாள், அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துச் சொல்லவில்லை. முப்பத்தோராம் திகதி பின்னேரம் வந்து கதிரையில் இருந்து 1025, 1024, 1025 என்று மூன்றையும் ஒரேயடியாக எழுதினேன், அவற்றுக்குக் கீழே கோடும் இல்லை உண்மையும் இல்லை. வாசிப்பை மாற்றியது என் மடைத்தனம் என்று சொல்லித் தப்பலாம், இதை என்னவென்று சொல்வது? இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது, அதையும் கேள். நேற்றுப் பின்னேரம் எல்லாம் விளங்கின பிறகு, கொப்பியை மேசையில் வைத்துக்கொண்டு, 1039, 1039, 1040 என்று வந்த வரிசையைப் பார்த்து, அடுத்த மூன்றும் 1040, 1041, 1041 ஆகத்தான் இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். பேனையையும் எடுத்துவிட்டேன். அந்த மூன்றையும் வெட்டி இதை எழுதினால் வரைபு நேராக வரும், பரமநாதன் சேராலேயே கண்டுபிடிக்க முடியாது, உனக்குமே தெரியாது. முதல் எண்ணின் முதல் இலக்கத்தை எழுதிவிட்டேன் மகள். பின்னால் இருந்து அம்மா, "திரும்பவும் தொடங்கிறியளோ?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஒரு "1" எழுதியபடி கிடக்கிறது, நீ பார்ப்பாய், அதையும் நான் அழிக்கவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. தொண்ணூறு மீற்றரில் இடுப்பில் ஒரு பட்டியோடு நின்று வேலை செய்கிறவன் நான், நேற்று மாலை வேலைத்தளத்துக்குப் போன் பண்ணி, திங்கட்கிழமை என்னை மேலே ஏற்றவேண்டாம், தலைசுற்று என்று சொன்னேன். தலைசுற்று இல்லை, ஒரு நட்டைச் சரியாக இறுக்காமல் விட்டுவிடுவேனோ என்று இருக்கிறது. எண்கள் ஏறியது போத்தலின் வழு என்று நான் சொன்னதையும் என் எண்களையும் நீ நம்பி, களப்புத் தண்ணீரின் அடர்த்தி மாறுவதில்லை என்று முடிவுரை எழுதிவிட்டாய், போன மாதம் போனில் வாசித்தும் காட்டினாய், நான் நல்லாயிருக்கு என்றேன். இப்போது அது உன் கையெழுத்தில் உன் புதுக் கொப்பியில் இருக்கிறது. அப்படியே ஒப்படைத்தால், வாறவர்கள் முதல் கொப்பி எங்கே என்று கேட்டால், நீ நனைந்துவிட்டது என்று சொல்வாய், உண்மை என்று நம்பிச் சொல்வாய், அவர்கள் உன்னைத்தான் பார்ப்பார்கள். களப்புக் கரையில் வளர்ந்த பிள்ளைக்கு ஆவணியில் உப்பேறுவது தெரியாதா என்று கேட்டால் என்ன சொல்வாய்? பேசாமல் இருந்துவிடலாமோ, ஒருவேளை ஒன்றும் கேட்க மாட்டார்களோ என்று இன்று பூசை முழுக்க யோசித்தேன், மன்றாட்டுக்கு எல்லாரும் எழும்பி நிற்க நான் இருந்தபடி இருந்தேன். உண்மையைச் சொன்னால் தள்ளிவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது. தகப்பன் மாற்றினான் என்றால் பிள்ளைக்குத் தெரியாமலா என்று கேட்பார்கள், கேட்கத்தான் செய்வார்கள். எது நடக்கும் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கு முன்னால் ஒருவருக்கும் இது நடக்கவில்லை, கேட்டுப் பார்க்க ஆள் இல்லை.

வரைபை எப்படிக் கீறுவது, அந்த மூன்று நாளை என்ன செய்வது என்று நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, இது உன் வேலை, உன் ரீச்சரைக் கேள். உன் பன்னிரண்டு வாசிப்பையும் இத்தோடு தனித் தாளில் எழுதியிருக்கிறேன், என் ஆறையும் எழுதியிருக்கிறேன். மூன்று வரி வெறுமையாக இருக்கிறது. அம்மா ஒன்றோடு ஒன்று சரிபார்த்து அடியில் தன் கையெழுத்தை வைத்திருக்கிறாள், இனி என் கையெழுத்து மட்டும் போதாது என்று அவளே சொல்லிவிட்டு வைத்தாள். முடிவுரையை மாற்றி எழுத உனக்கு நேரம் இருக்கிறது, பதறாதே, அழுதுகொண்டு எழுதாதே, அழுதால் எழுதிய தாளைக் கிழித்துவிட்டு அடுத்த நாள் எழுது. கோபம் வரும், என் மேல் வரட்டும், அதைக் கொண்டுபோய்ச் சாப்பாட்டில் காட்டாதே. விடுதியில் பிள்ளைகள் வாங்கும் மாதிரி வினாத்தாள் கட்டு உனக்குத் தேவையில்லை, ஒருவருக்கும் தெரியாத சோதனைக்கு யார் மாதிரி தயாரித்தது? பவ்ஸானுக்கு ஜமால்தீன் நானா மூன்று கட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார், மூன்றிலும் மூன்று விதமாக இருக்கிறதாம். நீ உன் கண்ணால் பார்த்ததை எழுதத் தெரிந்த பிள்ளை, அதைக் கெடுத்தது நான், வேறொருவரும் அதைக் கெடுக்க விடாதே. சிஸ்ரரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டலாம், காட்டவேண்டிய இடத்தில் எல்லாம் காட்டு, எனக்கு வெட்கம் வரும் என்று பார்க்காதே.

கர்த்தர் உன் தலைக்கு மேல் கை வைத்துக் காக்கட்டும், மாதா உன் பக்கத்தில் இருக்கட்டும். அம்மா உனக்கு முத்தம் அனுப்பச் சொன்னாள், அப்பாவுக்கு நீ ஒன்றும் திருப்பி அனுப்பவேண்டாம் என்றும் எழுதச் சொன்னாள், பகிடிக்குத்தான் சொல்கிறாளோ தெரியவில்லை. மறக்கவேண்டாம், இருபத்துநாலாம் திகதி, பகல் பன்னிரண்டு மணிக்குள் ஒப்படைக்க வேண்டும், அந்தக் காலையில் கட்டாயம் சாப்பிட்டுவிட்டுப் போ.

உன் அப்பா,
மில்ரன்

இனி நான் செய்யப்போவது:

1. நாளை காலை எட்டரைக்குத் தபால் கந்தோர் திறக்கும்போது நின்று இதைப் பதிவுத் தபாலில் போடுவேன். புதன் அல்லது வியாழன் உன் கையில் கிடைக்கும்.

2. வேலைத்தளத்தில் வெள்ளி தொடக்கம் திங்கள்வரை லீவு எழுதிக் கொடுப்பேன். காரணம் என்ற இடத்தில் தலைசுற்று என்று எழுத மாட்டேன்.

3. உன் அதிபருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுவேன். மாற்றியது பதினெட்டு, எடுக்காதது மூன்று, பொய் என்று பிள்ளைக்குத் தெரியாது. பாதி உண்மை மற்றப் பாதி என்று ஒன்றும் அதில் இருக்காது. அம்மா வாசித்த பிறகுதான் கையெழுத்து வைப்பேன்.

4. கொப்பியைத் தபாலில் போடமாட்டேன். தொலைந்தால் முடிந்தது. பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வவுனியா வழியாக வருவேன், இரவு மட்டக்களப்பில் தங்கி, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு உன் விடுதி வாசலில் நிற்பேன்.

5. திங்கட்கிழமை அதிபர் கூப்பிட்டால் போய்ச் சொல்வேன். பாடத்திட்டம் சரியில்லை, பழைய முறை நல்லது என்று வாதாட மாட்டேன். என்ன சொல்கிறார்களோ கேட்டு, எழுதிக்கொண்டு வருவேன், வந்தபடி எழுதுவேன்.

6. தள்ளுபடி என்று சொன்னால், அதை உனக்கு நானே சொல்வேன். வேறு ஆளை விட்டுச் சொல்ல மாட்டேன்.

7. நீ என்னைப் பார்க்க வராவிட்டால் கூப்பிட்டு அனுப்ப மாட்டேன். கொப்பியைச் சிஸ்ரரிடம் கொடுத்துவிட்டு, எதிரே உள்ள பஸ் தரிப்பில் மாலை நாலு மணி மட்டும் இருப்பேன். பிறகு ஞாயிறும் வந்து அதே இடத்தில் இருப்பேன்.